ஸ்பிரிங் மில் ஸ்டேட் பார்க்: படகு டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இண்டியானாபோலிஸ், கார்மல், கொலம்பஸ், புளூமிங்டன் பக்கம் புதிதாகக் குடிவந்த நம்மவர்கள் கோடை வந்ததும் கேட்பது ஒன்றுதான்: காலையில் கிளம்பி இரவு வீடு திரும்புகிற மாதிரி எங்கே போகலாம்? ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேள்வி இன்னும் அவசரமாகிவிடும். என் பதில் எப்போதும் மிட்செல் ஊரை ஒட்டியிருக்கும் ஸ்பிரிங் மில் ஸ்டேட் பார்க். ஒரே வேலிக்குள் படகில் போகும் குகை, நடந்து போகும் குகை, ஓடுகிற நீர்ச்சக்கரத்தோடு பழுதுபார்த்து நிறுத்தியிருக்கும் பழைய கிராமம், ஏரி எல்லாம் இருக்கின்றன.

ஆனால் அங்கே போய் பாதியைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறைய. காரணம் வரிசை தெரியாததுதான். மற்ற எதையும் எந்த நேரத்திலும் பார்க்கலாம். படகை மட்டும் அப்படிப் பார்க்க முடியாது. நாள் முழுவதையும் அதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும்.

1. சரியான ஸ்பிரிங் மில்லுக்கு வழி போடுங்கள்

சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. கார்மலிலும் வடக்கு இண்டியானாபோலிஸிலும் ஸ்பிரிங் மில் ரோடு என்று நீளமான சாலை ஒன்று இருக்கிறது. போனில் ‘ஸ்பிரிங் மில்’ என்று மட்டும் போட்டால் அந்தப் பக்கம் ஏதாவது ஒரு கடையைக் காட்டும். ‘ஸ்பிரிங் மில் ஸ்டேட் பார்க், மிட்செல்’ என்று முழுதாகப் போடுங்கள்.

இண்டியானாபோலிஸிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். புளூமிங்டன் தாண்டி, பெட்ஃபோர்ட் வழியாக ஸ்டேட் ரோடு 37-இல் தெற்கே இறங்கி, மிட்செலில் 60-இல் கிழக்கே திரும்பினால் சில நிமிடங்களில் வாசல். கென்டக்கியின் லூயிவில் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் சொச்சம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெட்ஃபோர்ட் பக்கத்தில் புளூஸ்பிரிங் கேவர்ன்ஸ் என்று தனியார் நடத்தும் குகை இருக்கிறது. அங்கேயும் நிலத்தடி ஆற்றில் படகுப் பயணம்தான். இணையத்தில் ‘குகை, படகு, பெட்ஃபோர்ட்’ என்று தேடுகிறவர்கள் அதற்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஸ்டேட் பார்க் வாசலில் வந்து காட்டுகிறார்கள். இரண்டும் வேறு வேறு இடங்கள், வேறு வேறு கட்டணம். அந்தக் குகையும் நல்ல இடம்தான், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ட்வின் கேவ்ஸ் என்ற குகையில் படகு ஓடுவது சீசனில் மட்டும். மெமோரியல் டே முதல் லேபர் டே வரை, அதாவது மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை வார நாட்களிலும் ஓடும். அதற்கு முன்னும் பின்னும் பெரும்பாலும் வார இறுதிகளில்தான். கிராமத்துக்கும் ஏறக்குறைய இதே கணக்கு: வசந்தத்தில் திறந்து அக்டோபர் கடைசியோடு முடித்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் போனால் காட்டில் நடக்கலாம், கட்டடங்களை வெளியிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

சீசனுக்குள் என்றால் வார நாளில் போங்கள். லீவு கிடைக்காது, சனிக்கிழமைதான் முடியும் என்றால் காலையில் வாசல் கூட்டத்துக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்களையும் லேபர் டே வார இறுதியையும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

மழையைப் பாருங்கள். போகிற நாளின் மழையை மட்டுமல்ல, முந்தின இரண்டு நாள் மழையையும். அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மேலே பெய்யும் மழை பள்ளங்கள் வழியாக இறங்கி நேராகக் குகை ஆற்றுக்குத்தான் போகும். நீர் ஏறிவிட்டால் கூரைக்கும் படகுக்கும் நடுவே தலைக்கு இடம் இருக்காது, பயணத்தை நிறுத்திவிடுவார்கள். வானம் பளிச்சென்று இருக்கும், படகு மட்டும் ஓடாது. அதனால் கிளம்பும் காலை பார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டு ‘இன்றைக்கு ட்வின் கேவ்ஸ் படகு உண்டா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான்கு மணி நேர டிரைவை அந்த இரண்டு நிமிடப் போன் காப்பாற்றும்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் மிட்செல் ஊரில் பெர்சிமன் பழத் திருவிழா நடக்கும். அந்தச் சமயம் ஊரும் நிரம்பும், பார்க்கும் நிரம்பும். திருவிழாவுக்காகவே போகிறவர்கள் போகலாம். குகைக்காகப் போகிறவர்கள் வேறு வாரம் பாருங்கள்.

3. வாசல் கட்டணம்: எண் தகட்டைப் பார்த்துத்தான் வசூல்

தலைக்கு இவ்வளவு என்று இல்லை, வண்டிக்குத்தான் கட்டணம். சில ஆண்டுகளாக இண்டியானா எண் தகடு உள்ள வண்டிக்கு 7 டாலர், வெளிமாநிலத் தகடு என்றால் 9 டாலர் என்று இருந்து வருகிறது. கட்டணம் அவ்வப்போது மாறக்கூடியது, கிளம்பும் முன் மாநில இயற்கை வளத் துறையின் பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அவர்கள் பார்ப்பது உங்கள் லைசென்ஸை அல்ல, வண்டியின் தகட்டை. வாடகைக் கார் எடுத்து வந்தீர்கள், அதில் ஒஹாயோ தகடு இருக்கிறது என்றால், நீங்கள் கார்மலில் பத்து வருடமாகக் குடியிருந்தாலும் வெளிமாநிலக் கட்டணம்தான். இரண்டு டாலருக்காக வாசலில் நின்று வாதாட வேண்டாம், பின்னால் வரிசை நிற்கும்.

நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் சில:

நேஷனல் பார்க் பாஸ் இங்கே செல்லாது. அது மத்திய அரசுப் பூங்காக்களுக்கு, இது மாநில அரசுப் பூங்கா.

மாநில ஆண்டு பாஸ் இண்டியானா வண்டிகளுக்கு 50 டாலர் என்று இருந்து வருகிறது. எட்டாவது முறையில்தான் காசு திரும்பும். பிரவுன் கவுண்டி, டர்க்கி ரன் என்று இண்டியானாவின் மற்ற மாநில அரசுப் பூங்காக்களுக்கும் அதே பாஸ்தான். மாதம் ஒருமுறை எங்காவது போகிற குடும்பம் என்றால் எடுத்துவிடலாம். வருடத்துக்கு மூன்று தடவை போகிறவர்களுக்கு வேண்டாம்.

அதற்கும் முன்னால் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்கள் இந்த பாஸைப் புத்தகம் போலவே கடனாகத் தருகின்றன. நூலக அட்டை இருந்தால் போதும், ஒரு காசு செலவில்லை. கோடையில் காத்திருப்புப் பட்டியல் நீளம், முன்னதாகவே பெயர் கொடுத்து வையுங்கள்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகை விலையில் கோல்டன் ஹூஸியர் பாஸ்போர்ட் என்று ஒன்று உண்டு. அது இண்டியானாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவின் பாஸ்போர்ட்டை நீட்டிக் கேட்டால் கிடைக்காது.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

ஓட்டுநர் லைசென்ஸ், வண்டி இன்ஷூரன்ஸ் அட்டை, ஒரு கிரெடிட் கார்டு. கூடவே சில்லறை நோட்டாக முப்பது டாலர் ரொக்கம். பள்ளத்தாக்கில் சிக்னல் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது, கார்டு இயந்திரமும் அதை நம்பித்தான் இருக்கிறது. இதே காரணத்துக்காகப் பார்க் வரைபடத்தை வாசலிலேயே காகிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் கூட இருந்தால் அவர்கள் பாஸ்போர்ட்டும், அமெரிக்காவுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். பார்க்கில் யாரும் கேட்கமாட்டார்கள், நீண்ட சாலைப் பயணத்துக்காகச் சொல்கிறேன்.

மீன் பிடிக்கும் ஆசை இருந்தால் மீன்பிடி லைசென்ஸ் தனியாக வேண்டும். 18 வயதுக்குக் கீழே தேவையில்லை. பெரியவர்கள் இணையத்திலேயே ஒரு நாளுக்கோ வருடத்துக்கோ எடுக்கலாம். வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

உடுப்பு: குகைக்குள் வெப்பநிலை கோடை, குளிர் எதுவானாலும் 54 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, அதாவது 12 செல்சியஸ். வெளியே 90 இருக்கும்போது ஸ்வெட்டர் எடுக்க யாருக்கும் தோன்றாது. எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வயதானவர்களுக்கு. மேலிருந்து சொட்டும் நீர் கழுத்தில் விழும்போது அதன் அருமை தெரியும். காலுக்கு ரப்பர் அடி உள்ள ஷூ. ஹவாய் செருப்பும் புடவைக்கு மேட்சான செருப்பும் காரிலேயே இருக்கட்டும்.

முன்பு வேறு குகைக்குப் போட்டுக்கொண்டு போன ஷூ, சட்டை, தொப்பியை இங்கே கொண்டுவரக் கூடாது. வௌவால்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் துணியிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு குகைவிட்டுக் குகை போகிறது. மனிதர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. போன மாதம் கென்டக்கியின் மாமத் கேவ் குகைக்குப் போய் வந்த ஷூ என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

5. வாசல் தாண்டியதும் நேராக ட்வின் கேவ்ஸ்

கிராமத்தின் பலகை கண்ணில் படும், குழந்தைகள் கத்துவார்கள். நிறுத்த வேண்டாம். முதலில் படகு டிக்கெட்.

இந்தப் படகுக்கு முன்பதிவு கிடையாது. அன்றைய டிக்கெட்டை அன்று அங்கேயே நேரில் நின்று வாங்க வேண்டும், முதலில் வந்தவருக்கு முதலில். ஒவ்வொரு டிக்கெட்டிலும் எந்த நேரப் படகு என்று இருக்கும். கூட்டமான சனிக்கிழமையில் மதியத்துக்குள் அன்றைய எல்லாப் படகும் தீர்ந்துபோவது சாதாரணம். காலை ஒன்பது மணி வாக்கில் வரிசையில் இருந்தால் பிழைத்தோம். இண்டியானாபோலிஸிலிருந்து என்றால் வீட்டை விட்டு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். நம் குடும்பங்களில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், அதனால் இட்லியை முந்தின இரவே வேகவைத்துவிடுங்கள்.

விலை தலைக்குச் சில டாலர்கள்தான். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் படகில் ஏற்றமாட்டார்கள். கைக்குழந்தை இருந்தால் பெற்றோர் இருவரும் வேறு வேறு நேரப் படகுக்கு டிக்கெட் எடுங்கள். ஒருவர் போய்வரும் வரை மற்றவர் குழந்தையோடு இருக்கலாம். இதை டிக்கெட் வாங்கும்போதே யோசிக்க வேண்டும், படகுத் துறையில் நின்று யோசித்தால் அடுத்த படகில் இடம் இருக்காது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: படகுக்குப் போகப் படிகளில் இறங்க வேண்டும், திரும்பி ஏறவும் வேண்டும்.

பயணம் இருபது நிமிடம் போல. தட்டையான சின்னப் படகு, மோட்டார் கிடையாது. வழிகாட்டி கையாலேயே பாறையைத் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுபோவார். ஏறக்குறைய 500 அடி உள்ளே போவீர்கள். சில இடங்களில் கூரை தலையைத் தொடும் அளவுக்கு இறங்கும், எல்லோரும் குனிந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். இடுக்கான இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் வெளியிலேயே இருந்துவிடுவது நல்லது, பாதியில் இறங்க வழியில்லை.

உள்ளே பார்க்க வேண்டியது மீன். கண்ணே இல்லாத, நிறமும் இல்லாத, விரல் நீள மீன். 2014-இல்தான் இதைத் தனி இனம் என்று பிரித்து ஹூஸியர் கேவ்ஃபிஷ் என்று பெயர் வைத்தார்கள். தெற்கு இண்டியானாவின் நிலத்தடி நீரில் மட்டும் வாழ்கிறது. வழிகாட்டி விளக்கை நீருக்குள் காட்டும்போது முதலில் ஒன்றும் தெரியாது. அடித்தரையில் ஒரு வெள்ளை நூல்துண்டு கிடப்பது போலத் தோன்றும். பிறகு அது மெதுவாக நகரும். போட்டோ எடுக்கிறேன் என்று ஃப்ளாஷ் அடித்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். கையை நீருக்குள் விட வேண்டாம் என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

உங்கள் படகுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதா? வாசலை ஒட்டிய கிரிஸம் நினைவகத்துக்குப் போய் வாருங்கள். மிட்செலில் பிறந்த விண்வெளி வீரர் கஸ் கிரிஸம் 1965 மார்ச்சில் பறந்த ஜெமினி 3 விண்கலம், நிஜக் கலமே, அங்கே இருக்கிறது. ஏசியும் உண்டு. இரண்டு பேர் எப்படி அதற்குள் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் நம் விமான எகானமி இருக்கையைப் பற்றி இனிமேல் புகார் சொல்லமாட்டீர்கள்.

படகு கிடைக்கவே இல்லை, அல்லது நீர் ஏறி நிறுத்திவிட்டார்கள் என்றால், முன்னே சொன்ன புளூஸ்பிரிங் கேவர்ன்ஸுக்குப் போன் செய்து பாருங்கள். செலவு அதிகம், பயணமும் நீளம். கனமழைக்குப் பிறகு அதுவும் மூடியிருக்கலாம், அதனால் கேட்காமல் வண்டியைத் திருப்ப வேண்டாம்.

6. டொனால்ட்சன் குகை: நடந்து போவது

ட்வின் கேவ்ஸில் நீங்கள் படகில் போன அதே நீர்தான் பூமிக்கடியில் ப்ரான்சன் குகை வழியாகப் போய் டொனால்ட்சன் குகை வாயில் வெளியே வந்து ஏரியில் சேர்கிறது. மூன்றாம் எண் பாதை இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு போகும். சுற்று இரண்டரை மைல், ஏற்ற இறக்கம் உண்டு. வழியில் டொனால்ட்சன் காடு வரும். இந்த மாநிலத்தில் கோடரி படாமல் தப்பித்த பழங்காடுகள் கொஞ்சம்தான், அதில் இதுவும் ஒன்று. நேரம் இருந்தால் முழுச் சுற்றும் போங்கள். பெரியவர்கள் இருந்தால் குகை பக்கத்து வண்டி நிறுத்தத்தில் விட்டு, படி இறங்கி வாயில் வரை மட்டும் போய் வந்தால் போதும். அந்த வாயிலே பார்க்கத் தகுந்ததுதான்.

உள்ளே எவ்வளவு தூரம் போகலாம், அன்று திறந்திருக்கிறதா என்பதை அங்கிருக்கும் பலகை சொல்லும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்கும், அதனால் மூடிவிடுவார்கள். போன் டார்ச்சை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். தலையில் மாட்டும் விளக்கு கடையில் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும், ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். கால் நனையும், மாற்று சாக்ஸ் காரில் இருக்கட்டும்.

பாதையை விட்டுச் செடிக்குள் போகக் கூடாது. மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி எங்கும் இருக்கிறது. தோலில் பட்டால் ஒரு வாரம் சொறிந்துகொண்டிருக்க வேண்டும். டிக் எனப்படும் உண்ணியும் உண்டு. ஊர் மாட்டுத் தொழுவத்து உண்ணியைப் போல அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே அதனால் நோய் பரவும். முழுக்கால் பேன்ட், சாக்ஸுக்குள் சொருகியபடி. அழகாக இருக்காது.

7. மதியத்துக்கு மேல் கிராமம்

கிராமத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, வாசலில் கொடுத்ததே போதும். இருபது கட்டடங்கள் போல இருக்கின்றன: மரக் கட்டை வீடுகள், கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை. நடுநாயகம் மூன்று மாடிக் கல் ஆலை, 1817-இல் கட்டியது. இன்றும் ஹேமர் குகையிலிருந்து மரக் கால்வாய் வழியாக வரும் நீர் சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் கல்லைச் சுற்றுகிறது, கல் மக்காச்சோளத்தை அரைக்கிறது.

ஆலையை எப்போது ஓட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். சும்மா நிற்கும் ஆலையைப் பார்ப்பதற்கும் ஓடும் ஆலையைப் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மதகைத் திறந்ததும் மரச்சக்கரம் முதலில் முனகும், பிறகு தரை முழுக்க அதிரத் தொடங்கும். கையை நீட்டினால் மாவு வெதுவெதுப்பாக வந்து விழும்.

அந்த மாவைச் சின்னப் பையில் விற்பார்கள். வாங்குங்கள். சூப் கெட்டியாக்கும் கார்ன்ஃப்ளார் அல்ல இது, கரகரப்பான முழு மாவு. எங்கள் வீட்டில் பாதி கோதுமை மாவு கலந்து, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு அடையாகத் தட்டினோம், நன்றாகவே வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெளியே வைத்தால் சீக்கிரம் காறல் வாடை வரும்.

பட்டறைகளில் அந்தக் காலத்து உடையில் வேலை செய்கிறவர்களிடம் தயங்காமல் பேசுங்கள், கேள்வி கேட்டால் மகிழ்ச்சியாகச் செய்து காட்டுவார்கள். வார நாளில் எல்லாப் பட்டறையிலும் ஆள் இருக்காது, சனி ஞாயிறில்தான் கிராமம் களைகட்டும். படகுக்கு வார நாள் நல்லது, கிராமத்துக்கு வார இறுதி நல்லது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் படகின் பக்கம்.

8. சாப்பாடு

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கட்டுசாதம் கொண்டுபோவதுதான் ஒரே வழி. நம் கடை, நம் ஓட்டல் என்றால் புளூமிங்டனுக்கு வர வேண்டும். புளியோதரை, தயிர்சாதம், ஐஸ் பெட்டியில் தண்ணீர். மேசைகளும் கரி அடுப்புகளும் பொது இடங்களில் இலவசம். இருபது முப்பது பேர் கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் கூரை போட்ட ஷெல்டரை இணையத்தில் முன்பதிவு செய்யலாம், கட்டணம் உண்டு. முன்பதிவுச் சீட்டு ஒட்டியிருக்கும் ஷெல்டரில் போய் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள்.

ஒரு குடும்பத்துக்குப் பெட்ரோல் தவிர்த்து வாசல், படகு, மாவு எல்லாம் சேர்ந்து நாற்பது டாலருக்குள் அடங்கும்.

9. இரவு தங்குவதென்றால்

பார்க்குக்குள்ளேயே ஸ்பிரிங் மில் இன் என்ற கல் கட்டட விடுதியும், கூடாரம் போட கேம்ப்கிரவுண்டும் உண்டு. விடுதி பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்ற திட்டம். கேம்ப்சைட் ஆறு மாதம் முன்னதாகவே பதிவுக்குத் திறக்கும். ஜூலை சனிக்கிழமைக்கு ஜனவரியிலேயே உட்கார வேண்டும் என்று அர்த்தம். வார இறுதியில் ஒரே ஓர் இரவுக்குத் தேடினால் பெரும்பாலும் காட்டாது. வெள்ளி, சனி இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகை அப்படியே கொண்டுபோகக் கூடாது. மரத்தைத் தின்னும் பூச்சிகள் பட்டைக்குள் ஒளிந்து வரும் என்பதால் பட்டை உரித்த விறகோ, முத்திரை குத்திய விறகோதான் அனுமதி. கேம்ப் கடையிலேயே ஒரு கட்டு வாங்கிக்கொள்வது தலைவலி இல்லாதது. மிஞ்சியதை வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள், அங்கேயே எரித்துவிடுங்கள்.

10. திரும்பும்போது

பெட்ஃபோர்டிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள். இருட்டும் நேரத்தில் 60-இலும் 37-இலும் மான்கள் சாலைக்குள் பாயும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு நிற்கும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். வீடு வந்ததும் குழந்தைகளின் காது மடல், கழுத்து, முழங்கால் பின்பக்கம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது. அப்புறம் குளியல், அன்று போட்ட துணிகளைச் சூடான டிரையரில் பத்து நிமிடம்.